மூங்கிலுக்குள் ஒயர்

"படிச்ச பொண்ணு பொஸ்தகத்துலதான் விளக்கு ஏத்தும். படகுல ஏத்தாது."

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி இதைப் படகுத்துறையில் நின்று, என் அப்பாவும் லயத்து வரிசை வீட்டுச் சனம் பாதியும் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலைச் சாற்றை ஆற்றில் துப்பினார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. இன்று இதை எழுதும்போது எனக்குக் கோபம் துளியும் இல்லை. ஜெயித்தவளுக்குக் கோபம் எதற்கு?

மலாயாவில் ஜப்பான்காரன் காலம் அது. எங்கள் தோட்டம் லுக்குட்டைத் தாண்டி, ஆற்றுக் கழிமுகத்துச் சேற்றுக்காடு தொடங்கும் இடத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் ஓடும்போது பாலத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனதால், டவுனுக்குப் போக எங்களுக்கு மிஞ்சியது தோட்டத்துச் சம்பான் படகு ஒன்றுதான். துடுப்புப் போடுகிறவர் என் அப்பா. மரவள்ளிக்கிழங்கை ஏற்றிக்கொண்டு காலையில் போவார். உப்பும் கருவாடும், கிடைத்தால் கொஞ்சம் அரிசியும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். ரப்பர் வாங்க ஆளில்லை. ஆகவே சம்பான் ஓடினால் அடுப்பு எரியும். ஓடாவிட்டால் கிழங்கும் உப்பில்லாமல்தான்.

கடல் ஏற்றம் வரும்போதுதான் சம்பான் எங்கள் துறை வரைக்கும் மிதந்து வர முடியும். ஏற்றம் நம் வசதி பார்த்து வருவதில்லை. பல நாள் பொழுது சாயும் நேரத்தில்தான் அப்பா திரும்புவார். ஆற்று வளைவில் ஜப்பான் சிப்பாய்களின் காவல் கொட்டகை. பொழுது சாய்ந்தபின் முகப்பில் விளக்கில்லாமல் எந்தப் படகு வந்தாலும் சுடுவார்கள். மண்ணெண்ணெய் எப்போதோ தீர்ந்துபோயிற்று. தேங்காயெண்ணெய் விளக்குக் கடல்காற்றில் நிற்காது. ஒருநாள் வளைவுக்கு வருமுன் அது அணைந்துவிட, சுட்ட குண்டு அப்பாவின் துடுப்பைப் பிளந்துகொண்டு போனது. பாதித் துடுப்போடு வீடு வந்து சேர்ந்தவர், "நல்ல வேளை, துடுப்புதான் அகலம். நான் ஒல்லி" என்றார். அம்மா அடுப்பை ஊதுவதுபோல் குனிந்துகொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு தோட்டத்தை மேற்பார்க்க வந்திருந்த ஜப்பான்காரத் துரை, கார் விளக்கையும் பேட்டரியையும் படகில் வைக்கச் சொன்னார். பழைய வெள்ளைக்காரத் துரையின் கார் பெட்ரோலும் டயரும் இல்லாமல் ஷெட்டில் கட்டைமேல் நின்றது. லாரி டிரைவர் அண்ணன் அதிலிருந்து ஒரு விளக்கைக் கழற்றிப் படகு மூக்கில் கட்டி, ஒயரை அப்பா கைப்பக்கம் வைத்த குமிழுக்குப் போய்த் திரும்பும்படி பலகைக்கு மேலே துணிக்கொடி மாதிரி இழுத்துவிட்டார். விளக்கு எரிந்தது. மறுநாள் கிழங்குச் சாக்கை இறக்கும்போது ஒயர் சாக்கில் மாட்டியது. இழுத்த இழுப்பில் விளக்கு ஆற்றுக்குள் போனது. துரை வந்து பார்த்துக் கத்தினார். அந்தக் கத்தலைக் கிராணி எங்களுக்குத் தமிழில் சொன்னார். "இனிமே ஒயர் வெளிய தெரிஞ்சா படகு கிடையாது. படகு கிடையாதுன்னா படகுக்காரனுக்கு இங்க என்ன வேலை? சயாம் லாரி வருது. அதுல ஏறட்டும்."

சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்களில் எங்கள் லயத்துக்கு அதுவரைக்கும் ஒருவரும் திரும்பி வரவில்லை. கிராணி சொன்னது அப்பாவின் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். கையில் இருந்த கயிற்றை அவர் திரும்பத் திரும்பச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "காருல இன்னொரு விளக்கு இருக்கு. அத நான் கட்டுறேன். ஒயர் வெளிய தெரியாது."

அதற்குத்தான் கிராணி மேலே எழுதியதைச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர் கிடையாது. எல்லாரும் கட்டைவிரல்தான். தோட்டத்துப் பள்ளியில் தமிழ் முடித்து, ரப்பர் லாரியில் தொற்றிக்கொண்டு டவுன் பள்ளிக்குப் போய் ஆங்கிலம் படித்தேன். சண்டை வந்து பள்ளியை மூடியபோது மேல் வகுப்பில் இருந்தேன். திரும்பி வந்து கிழங்கு நட்டவளைப் பார்த்து, "இதுக்கா அத்தன வருஷம் லாரி ஏறுன?" என்று கேட்காதவர் இல்லை. அந்தப் பள்ளியில் ஒரு டீச்சர் மேசைமேல் மின்சார மணி ஒன்றைச் செய்து காட்டினார். பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் போகும், மணியிலிருந்து ஒரு ஒயர் திரும்பும், வட்டம் எங்கே அறுந்தாலும் மணி அடிக்காது. அந்த ஒரு பாடம்தான் எனக்குத் தெரிந்த மின்சாரம். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அதை நான் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தேன்.

ஷெட்டில் கார் மூடிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். விளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போனது. லாரி டிரைவர் அண்ணன் வேகமாக வந்தார்.

"ஒன்னுதான் போகுதுன்னு முழிக்கிறியா? காருக்கு அவ்வளவுதான் வேணும். நானும் படகுக்கு ஒன்னுதான் போட்டேன், பேட்டரிய விளக்குப் பக்கத்துலயே வெச்சு ரெண்டையும் ஒரே இரும்புச் சட்டத்துல கட்டுனேன்."

"காரு உடம்பே இரும்பு அண்ணே. திரும்பி வர்ற ஒயர் அதுதான். நம்ம படகு மரம். போறதுக்கு ஒன்னு, வர்றதுக்கு ஒன்னு வேணும்."

அவர் தலையைச் சொறிந்தார். "மூக்குல பேட்டரிய வெச்சதாலதான் அன்னிக்குப் படகு முன்னால குனிஞ்சே போச்சு" என்றார். அதற்குமேல் அவர் என்னைக் கேலி செய்யவில்லை. ஒயரைக் கழற்ற ஸ்பேனரும் கொடுத்தார்.

பேட்டரியைப் பின்னால், அப்பாவின் இருக்கைக்கு அடியில் பெட்டி செய்து வைத்தோம். பாரம் சமமாயிற்று. அங்கிருந்து மூக்கு வரைக்கும் ஒயர் போய்த் திரும்ப வேண்டும். கார் ஒயரோ துண்டு துண்டாக இருந்தது. எல்லாவற்றையும் முறுக்கி ஒட்டினால்தான் நீளம் காணும். ஒட்டிய இடமெல்லாம் செம்பு வெளியே தெரியும். உப்புத் தண்ணீர் பட்டால் கெட்டது. மூடுவதற்கு டேப் எங்கே கிடைக்கும்? டவுனில் சைக்கிள் டியூப்கூட கிடையாத காலம்.

ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு ரப்பருக்கு அலைவதா என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. அம்மா அதிகாலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த மரங்களில் பால் வெட்டி வந்தாள். புகைக்கூடத்து மாமா துணியைக் கிழித்துப் பாலில் நனைத்தார். அவர் முன்பு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டவர். இப்போது அதே கூடத்தில் கருவாட்டுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார். பாலில் கை வைத்து நாளாகியிருந்ததால் மனுஷனுக்கு ஏக சந்தோஷம். மூலையில் ஒளித்து வைத்திருந்த ஜாடியை எடுத்துத் திராவகத்தைப் பாலில் ஊற்றினார். ஷீட்டுக்குப் பால் உறைய ஊற்றுவார்களே, அந்தத் திராவகம். தோட்டத்தில் பால் என்றால் அடுத்து திராவகம்தான். அங்கே நின்ற ஒருவருக்கும் அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான். துணி சட்டென்று இறுகிக் கட்டுப் போட்ட விரல் மாதிரி வெள்ளையாக அழகாக இருந்தது.

ஒயரை மறைப்பது என் யோசனை. படகின் மேல் விளிம்புப் பலகைக்கு அடியில், உள்பக்கமாக, ஆள் குனிந்து பார்த்தாலும் தெரியாத இடத்தில் அதை ஓட்டினேன். அடித்தட்டில் தேங்கும் தண்ணீர் அங்கே எட்டாது. விலாக் கட்டைகளைத் தாண்டும் இடத்தில் துளை போட்டு, துளைக்குள் ரப்பர் ஷீட்டைச் சுருட்டி வைத்தேன். இல்லாவிட்டால் படகு ஆடும் ஆட்டத்தில் மரம் ஒயரைத் தின்றுவிடும். ஆணியை ஒயர்மேல் அடிக்கவே கூடாது. அறுந்த பழைய பெல்ட்டைச் சின்னச் சின்ன வாராக வெட்டி, ஒயரை அதில் தொட்டில் கட்டினதுபோல் பிடித்து, வாரின் இரண்டு முனையிலும் ஆணி அடித்தேன். எல்லாவற்றையும் மூடப் பாதியாகப் பிளந்த மூங்கில். அதற்குப் படகுக்குப் பூசும் தாரையே பூசினோம். பார்த்தால் சாக்கு உரசாமல் இருக்க அடித்த சட்டம் என்றுதான் நினைப்பார்கள். பேட்டரிப் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒயரைக் கொஞ்சம் தொங்க விட்டேன்.

"இதென்ன, அளவு தப்பிப் போச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. ஒயர் வழியா தண்ணி வழிஞ்சு வந்தா தொங்குற எடத்துல சொட்டிடும். பெட்டிக்குள்ள ஏறாது."

அவர் விரலால் அந்தத் தொங்கலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "தண்ணிக்கே வழி காட்டிட்ட அம்மாடி."

விளக்கு எரிந்தது. துரையின் பங்களா டைனமோவில் பேட்டரியை நிறைத்து வந்து, அப்பா அந்த வாரம் முழுவதும் காவல் கொட்டகையைக் குண்டுபடாமல் தாண்டினார். லயத்தில் எனக்குக் "கரண்டம்மா" என்று பேரும் வைத்தாகிவிட்டது.

பிறகு வெளிச்சம் மங்கத் தொடங்கியது. முதலில் மஞ்சளாயிற்று. அப்புறம் சிவந்தது. ஒரு மாலை, வளைவுக்கு வெகு முன்னாலேயே அணைந்தது. அப்பா படகைச் சேற்றுக்காட்டில் சொருகிவிட்டு, விடியும் வரை கொசுக்கடியில் உட்கார்ந்திருந்து வந்தார். பேட்டரி நன்றாகவே இருந்தது. மூங்கிலைப் பெயர்த்தேன். நாங்கள் கட்டிய கட்டுகள் எல்லாம் வெல்லப்பாகு மாதிரி இளகி, கையில் ஒட்டின. உள்ளே செம்பு பச்சை பூத்து, தொட்ட மாத்திரத்தில் ஒடிந்தது.

கிராணிக்கு எப்படியோ மூக்கு வியர்த்துவிட்டது. துறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். "என்னலா கரண்டம்மா, பொஸ்தகத்துல இந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சா?" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "லாரி அடுத்த வாரம் வருதுய்யா. நான் ஆள் காட்டியே ஆகணும். காட்டலன்னா என்னை ஏத்துவான். துணிமணி எடுத்து வெச்சுக்க." அவர் பயந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய பயத்துக்கு என் அப்பா ஏன் விலையாக வேண்டும்?

பச்சை ஒட்டிய கையோடு வீட்டுக்குப் போனேன். அம்மா என் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"எதுல வெச்ச கைய? பித்தளைச் செம்புலயா பால் எடுத்தீங்க?"

"இல்லையே. ஏன்?"

"அப்ப ஏன்டி இந்தப் பச்ச? நான் கல்யாணமாகி வந்த புதுசுல, வாளி ஒழுகுதேன்னு பித்தளைச் செம்புல பால் கொண்டுபோயிட்டேன். பால் அளக்குற மண்டோர் அத்தன பாலையும் தரையில ஊத்திட்டாரு. செம்பு, பித்தள பட்டா ரப்பர் அழுகிப் போவும்னு ஏசுனாரு பாரு ஏச்சு!"

பால் வெட்டுகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். வாளிக்கும் கோப்பைக்கும் தெரிந்த அந்த விஷயத்தை ஒயருக்கு யாரும் பொருத்திப் பார்க்கவில்லை. ஒயர் எங்களுக்குக் கரண்டு சாமான், செம்பாக அது கண்ணில் படவே இல்லை. செம்பு ரப்பரைக் கெடுத்தது. நாங்கள் ஊற்றிய திராவகம் செம்பைத் தின்றது. இரண்டு எதிரிகளை ஒரே போர்வைக்குள் படுக்க வைத்திருக்கிறோம்!

அப்படியானால் இடையில் எதை வைப்பது? நான் அடுப்படியைப் பார்த்தேன். அம்மா ரசம் வைக்கும் பித்தளைப் பாத்திரம் கவிழ்ந்திருந்தது. உள்ளே வெள்ளையாக மின்னியது.

"அம்மா, இதுக்கு உள்ள ஏன் ஈயம் பூசுறோம்?"

"பூசலன்னா புளி பட்டுப் பச்ச ஏறும். ரசம் விஷமாயிடும். இது தெரியாமலா டவுன்ல படிச்ச?"

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "பைத்தியம்" என்று தள்ளிவிட்டாள்.

ஈயத்துக்கு இந்த நாட்டில் பஞ்சமா? கோலா கிளாவாங் பக்கத்து ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த லாரி டிரைவர் அண்ணன் வீட்டில், கதவு ஆடாமல் இருக்க ஒரு ஈயக் கட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை உடைத்துக் கரண்டியில் உருக்கினேன். பச்சை பூத்த இடங்களை எல்லாம் வெட்டி எறிந்து, பளபளக்கச் சுரண்டி, முறுக்கி, ஈயம் பிடிக்க நவச்சாரம் தொட்டு, உருகின ஈயத்தில் முக்கி எடுத்தேன். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் செய்கிற அதே வேலைதான். செம்பு ஊசிமுனை அளவும் தெரியக்கூடாது. நவச்சாரமும் அரிக்கும் சாமான் என்பதால், சாம்பல் தண்ணீரில் கழுவிக் கழுவிக் காய வைத்தேன்.

மறுபடியும் புகைக்கூடத்து மாமா ஜாடியோடு வந்தார்.

"மாமா, திராவகம் வேணாம்."

"திராவகம் இல்லாம பால் எப்படிப் புள்ள உறையும்?"

"உறைய வேணாம். மெல்லிசாப் பூசிப் பூசிக் காயட்டும்."

"என் சர்வீஸ்ல ஆசிட் ஊத்தாத பால பாத்ததே இல்ல" என்று ஜாடியைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. வெறும் பாலை ஒரு பூச்சு, புகையில் ஒரு உலர்த்தல், இன்னொரு பூச்சு என்று போட்டுக்கொண்டே போனோம். கருவாட்டுக்குப் பக்கத்தில் என் ஒயர்கள் கொடியில் தொங்கின. கடைசியில் அவை பழுப்பேறி, வளைத்தால் வளையும் தோலோடு வந்தன. கருவாட்டு வாசனையும் கூட வந்தது. "இத திருடுனா பூனதான் திருடும்" என்றார் மாமா.

பழைய வழியிலேயே ஒயரை ஓட்டி, வார் அடித்து, மூங்கிலால் மூடினேன். அப்படியே ஓட விட்டுப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. துரையே வந்து பார்க்க வேண்டும் என்று கிராணியிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா கழுத்த நீட்டுற" என்றார்.

லாரி வருவதற்கு முதல்நாள் பொழுது சாயும் நேரம். ஏற்றம் துறையைத் தொட்டிருந்தது. துரை பூட்ஸோடு படகில் இறங்கினார். நாங்கள் எல்லாரும் குனிந்து நின்றோம். விளக்கைத் தட்டினார். பேட்டரிப் பெட்டியைத் தட்டினார். நடுவில் ஒன்றும் இல்லை. ஒருமுறை முன்னால் போய் ஒருமுறை பின்னால் வந்தார்.

"வாயர் மானா?" என்றார். ஒயர் எங்கே என்று மலாயில் கேட்கிறார்.

"அடா, துவான்" என்றேன். இருக்கிறது ஐயா.

அவர் விளிம்புப் பலகையைத் தடவினார். மூங்கில் மேலேயே அவர் கை போனது. அது ஒயர் என்று தெரியவில்லை. முகத்தில் சிரிப்பில்லை. ஒரு கிழங்குச் சாக்கை இழுத்து வரச் சொல்லி, படகுக்குள் போட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவரே உருட்டினார். எதிலும் மாட்டவில்லை. அப்புறம் வாளியை எடுத்து ஆற்றில் முக்கி, உப்புத் தண்ணீரை விளிம்பு முழுக்க ஊற்றினார். ஒரு வாளி போதாதென்று இன்னொன்று. மூங்கிலில் தண்ணீர் வழிந்து, நான் தொங்க விட்ட இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லம்பு" என்றார் துரை. விளக்கைப் போடச் சொல்கிறார்.

நான் குமிழைத் திருகினேன்.

வெள்ளை வெளிச்சம் ஆற்றின் அக்கரை வரைக்கும் போய் விழுந்தது. சேற்றுக்காட்டில் உட்கார்ந்திருந்த கொக்கெல்லாம் எழுந்தன. லயத்துச் சனம் "ஓ!" என்று கூச்சல் போட்டதில் துரையே திடுக்கிட்டார். படகு மூக்குக்கு எதிரே துறையின் நுனியில் நின்ற கிராணி கையை நெற்றிக்கு வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டார். விளக்கு அவர் முகத்துக்கு நேராக இருந்தது. அதை அப்படித் திருப்பி வைத்தது நான்தான்.

துரை படகைவிட்டு ஏறும்போது அப்பாவைக் காட்டிக் கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி தொண்டையைக் கனைத்தார். "படகுக்காரன் படகுலயே இருக்கட்டுமாம்" என்றார்.

அன்றைக்கே அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு வளைவு வரைக்கும் போனார். காவல் கொட்டகையில் சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான். விளக்கைப் பார்த்தான். இறக்கினான். போகச் சொல்லிக் கையை ஆட்டினான். அவ்வளவுதான் நடந்தது. அப்பா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் படகைச் சும்மா மிதக்க விட்டார். "உன்ன லாரியில ஏத்தி அனுப்புறப்போ, ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சிச்சு அம்மாடி" என்றார். "நாளைக்கு என்னை ஏத்த ஒரு லாரி வருது. நான் சிரிச்சுக்கிட்டு நிக்கப் போறேன்."

மறுநாள் லாரி வந்தது. எங்கள் லயத்தின் கோடி வீட்டிலிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு போனது. அப்பா சிரிக்கவில்லை. போகிறவரின் மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, லாரி கண்ணிலிருந்து மறையும் வரைக்கும் நின்றார். இதையும் எழுதாவிட்டால் என் வெற்றி பொய்யாகிவிடும்.

சில நாள் கழித்துக் கிராணி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாராம். அதுவரை அவர் லயத்துக்குள் கால் வைத்ததில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டு, "பொண்ணு இருக்காளாம்மா? பங்களா விளக்கு ஒன்னு மினுக்கு மினுக்குங்குது, துரை அவளத்தான் கூப்பிடுறாரு" என்று கேட்டாராம்.

அம்மா கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாளாம்: "அவ காலையிலயே அவங்க அப்பாவோட லுக்குட்டுக்குப் போயிட்டா. மீன் தவுக்கே, அந்தச் சீன மொதலாளி, ஆள் விட்டிருந்தாரு. அவரோட படகுங்களுக்கும் விளக்கு வேணுமாம். வந்தா சொல்றேன், பொறுங்க."

அந்த நேரத்தில் நான் லுக்குட் ஆற்றங்கரையில், தவுக்கேயின் பெரிய படகுக்குள் மல்லாந்து படுத்திருந்தேன். பல்லில் அடுத்த பெல்ட் வாரைக் கடித்துக்கொண்டு, விளிம்புப் பலகைக்கு அடியில் முதல் வாரின் இரண்டு ஆணியையும் அடித்து முடித்திருந்தேன்.